இன்னைக்கு மட்டும் வேண்டாம்

அத்தியாயம் 17

தலைமை ஆசிரியர் மருதையன் காலை ஏழரை மணிக்கே போன் செய்துவிட்டார். மேகலா அப்போது மகளுக்கு இரட்டைச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். பாதியில் கையை எடுத்தால் நிறைமதி எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து பின்னச் சொல்வாள். அதனால் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"சொல்லுங்க சார்."

"ஒன்னுமில்லம்மா. இன்னைக்கு பி.இ.ஓ. ஆபீசர் விசிட் வர்றார். நாலாம் வகுப்பைத்தான் பாக்கப் போறாராம். இன்னைக்கு மட்டும் பாப்பாவ அனுப்ப வேண்டாம்."

"ஏன் சார்?"

"ஏன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? போன தடவை என்ன ஆச்சு? முப்பத்தாறு புள்ளைங்க எந்திரிச்சு நின்னு வணக்கம் சொல்லுதுங்க, இது காதைப் பொத்திக்கிட்டு பெஞ்சுக்கு அடியில பூந்து கத்துது. வந்தவர் என்ன நெனப்பார்? ஒருநாள் லீவுன்னு வச்சுக்குங்க. நாளைக்கு வரட்டும்."

வைத்துவிட்டார்.

"சடை," என்றாள் நிறைமதி.

"பின்றேன்டா."

மாமனார் நடராசன் நிலைப்படியில் வந்து நின்றார். புதுச் சவரம், சலவை வேட்டி. கழுத்துப் பக்கம் கொஞ்சம் சோப்பு நுரை காயாமல் இருந்தது. ஒருமுறை கனைத்துக்கொண்டார்.

"அம்மாடி."

"சொல்லுங்க மாமா. கேசரிக்கு ரவை வறுத்து வச்சிட்டேன். வாழை இலை நறுக்கியாச்சு."

"அதில்ல." பேத்தியின் தலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒரத்தநாட்டுக்காரங்க பத்தே முக்காலுக்கு மேல வந்துருவாங்க. கலைக்குப் பூ வச்சு, சாப்பிட்டுக் கிளம்ப ரெண்டு ரெண்டரை ஆயிரும். பாப்பா எப்புடியும் பள்ளிக்கூடத்துலதான இருக்கப் போவுது? இன்னைக்கு மட்டும் அது சாயங்காலம் வரைக்கும் அங்கயே இருக்கட்டும். நடுவுல ஏதும் போன் வந்தாலும் கூட்டியாந்துடாத."

மேகலா ரிப்பனை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"பள்ளிக்கூடத்துல இன்னைக்கு மட்டும் வேண்டாங்குறாங்க மாமா."

"என்னது?"

"ஆபீசர் வர்றாராம். அனுப்பாதீங்கன்னு இப்பதான் சொன்னாங்க. அங்கயும் இன்னைக்கு வேண்டாம், இங்கயும் இன்னைக்கு வேண்டாம். இவ எங்க மாமா இருப்பா?"

நடராசன் கழுத்திலிருந்த நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

அவர் கெட்டவர் இல்லை. நிறைமதிக்கு வெள்ளரிக்காயை ஒரே தடிமனில் வட்டம் வட்டமாக நறுக்கித் தரத் தெரிந்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன், தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரியில் டாக்டர்கள் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ஆட்டிசம் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்த சான்றிதழை, பத்திரங்கள் வைக்கும் தகரப்பெட்டியில் சிட்டாவுக்கும் பட்டாவுக்கும் அடியில் போட்டுப் பூட்டியவரும் அவர்தான். 'கலைக்கு ஒரு இடம் குதிரட்டும். அதுவரைக்கும் இது வெளிய போக வேண்டாம். பொண்ணு கேட்டு வர்றவன், உங்க வம்சத்துலயே இருக்கான்னுதான் கேப்பான்' என்றார். கத்தாரிலிருந்து கணவன் மதிவாணனும் போனில், 'அப்பா சொல்றதுலயும் நியாயம் இருக்கு மேகலா' என்றான். மேகலாவும் அன்றைக்குத் தலையை ஆட்டினாள். அதை அவளால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

மதிவாணனின் தங்கை கலைமகளுக்கு அதன் பிறகு இரண்டு இடம் வந்து, வேறு வேறு காரணத்துக்காகத் தட்டிப்போனது. மூன்றாவதாக வந்தவன் பிரபு. ஒரத்தநாட்டில் கால்நடை மருந்துக் கடை வைத்திருக்கிறான். அவனுடைய சித்தி செண்பகவல்லி, நிறைமதி படிக்கும் அதே கடம்பங்காவெளிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். அந்தப் பள்ளியில் ஒரு காகிதம் கைமாறினால் மத்தியானத்துக்குள் ஒரத்தநாடு போய்ச் சேர்ந்துவிடும். அதற்காகத்தான் அத்தனை பூட்டும்.

போன வாரம், மாமனார் நடவுக்குப் போயிருந்த நேரத்தில், மேகலா அந்தப் பெட்டியைத் திறந்து சான்றிதழை எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டது இன்னும் யாருக்கும் தெரியாது.

"கண்ணாத்தா வீட்டுல ஒரு ரெண்டு மணி நேரம்..." என்று நடராசன் மெல்ல ஆரம்பித்தார்.

மேகலா மகளின் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். பிரபு வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று, பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாளின் பின்கட்டில் பிள்ளையை விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். திறந்தபோது மணிக்கட்டில் அவளே கடித்த பல்தடம். ஒரு மாதம் ஆகியும் கறுப்பாக நின்றது.

நடராசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஆடி பொறக்க நாலு நாளுதான் இருக்கு. இன்னைக்கு விட்டா அப்பறம் ஆவணிதான். கலைக்கு இருபத்தெட்டு முடியப் போவுது. நான் யாருக்குன்னு பாப்பேன், சொல்லு."

"யாருக்கும் பாக்க வேண்டாம்பா."

கலைமகள் கொல்லையிலிருந்து ஈரத்தலையில் துண்டோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. சீயக்காய் பட்டிருக்கும் என்று மேகலா நினைத்தாள்.

"அண்ணி, நீங்க பாப்பாவ ஸ்கூலுக்கே கூட்டிட்டுப் போங்க. வாசல்ல நின்னு கேளுங்க. கேசரிய நான் கிண்டிக்கிறேன்."

"பூ வைக்க வர்ற அன்னைக்குப் பொண்ணு அடுப்புல நிக்கிறதா?"

"ஏன், நான் கிண்டுனா இனிக்காதா?" என்று சிரித்துவிட்டு நிறைமதியின் முன் குந்தினாள். "அத்தை இன்னைக்கு என்ன சேலை கட்டப் போறேன், சொல்லு?"

"அரக்கு. ஜரிகை ரெண்டு வெரல்," என்றாள் நிறைமதி, அவள் முகத்தைப் பார்க்காமலே.

"பாருங்க, எங்க அண்ணனுக்குக்கூட என் சேலை கலர் தெரியாது."

"பத்தரைக்குள்ள வந்துருவேன் கலை."

"வாங்க. வந்தாதான் எனக்கும் தெம்பு."

*

ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்ததும் நிறைமதி வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"அபிநயா. உள்ளேன் டீச்சர். ஆயிஷா. உள்ளேன் டீச்சர்."

தினமும் இதுதான். நாலாம் வகுப்பு ஹமீதா பானு டீச்சர் காலையில் பெயர் கூப்பிடுவதை, டீச்சரின் குரலிலேயே சொல்வாள். பதில் அந்தந்தப் பிள்ளையின் குரலில் வரும். ஆயிஷாவுக்கு மூக்கடைத்த குரல். நர்மதா காற்றோடு பேசுவாள். மர்யம் மட்டும் வகுப்பே அதிரச் சொல்வாள். தனக்கென்று நாலு வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசாத பிள்ளை, முப்பத்தாறு பேரின் குரலையும் வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தது.

"நர்மதா. உள்ளேன் டீச்சர். நிறைமதி."

இங்கே ஒரு சின்ன நிறுத்தம். பிறகு அவளுடைய சொந்தக் குரல். "உள்ளேன் டீச்சர்."

அத்தனை குரலுக்கும் நடுவே அவள் குரலை அவள் குரலாகவே மேகலா கேட்பது அந்த ஓர் இடத்தில்தான்.

"மர்யம். உள்ளேன் டீச்சர்!"

வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. இரண்டு பக்கமும் புதுநடவு. பயிர் இன்னும் பச்சை பிடிக்காமல் தண்ணீரில் தலை சாய்த்து நின்றது. வேர் பிடிக்க நாலைந்து நாள் ஆகும், அதுவரை அப்படித்தான் நிற்கும். மேகலா அதைப் பார்க்காமல் வண்டியை விரட்டினாள்.

பள்ளி வாசலில் கோலம் போட்டிருந்தது. கொடிக்கம்பத்தைச் சுற்றி வெள்ளை அடித்திருந்தார்கள். செண்பகவல்லி டீச்சர் பட்டுச்சேலையில் இருந்தாள். ஆபீசருக்கும் ஆச்சு, பூ வைக்கும் வீட்டுக்கும் ஆச்சு.

"என்ன மேகலா, வீட்டுல அவ்வளவு வேலை கெடக்கும், இங்க நிக்கிறே? நான் ஆபீசருக்கு மொகத்தைக் காட்டிட்டு, பர்மிஷன் போட்டுட்டு ஓடியாந்துருவேன். மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க என்னைய வழியில ஏத்திக்கிறதா சொல்லியிருக்காங்க."

"வாங்க டீச்சர்."

"பாப்பாவுக்கு ஒடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கா."

செண்பகவல்லி தன் வகுப்புக்குப் போனாள். மருதையன் சார் இஸ்திரி போட்ட சட்டையோடு கேட்டை நோக்கி வேகமாக வந்தார்.

"போன்ல சொன்னேன்லம்மா?"

"சார், கடைசி பெஞ்சுல மர்யம் பக்கத்துல உக்காந்திருப்பா. சத்தம் போட மாட்டா. அவர் வர்ற நேரத்துக்கு மட்டும் நானே வந்து வெளிய கூட்டிட்டுப் போயிர்றேன்."

"அது நடக்குற காரியமா? அவர் வாசிக்கச் சொல்லுவார். இது வாசிக்குமா? வாயத் தெறக்குமா? 'ஏன் சார், இந்தப் புள்ளைக்கு என்ன'ன்னு கேப்பார். நான் என்ன சொல்லட்டும்? அடம்னு சொல்லவா? படிப்பு ஏறலன்னு சொல்லவா?"

"சார்..."

"ஒரு சான்று இருந்தா நான் ஏன்மா மறைக்கப் போறேன்? சிறப்பு டீச்சரை வாரத்துக்கு ரெண்டு நாள் இங்க போடச் சொல்லி எழுதியிருப்பேன். பரீட்சைக்குத் தனி வழி இருக்கு. மூணு தடவை உங்ககிட்ட கேட்டேன். 'அதெல்லாம் ஒன்னுமில்ல சார், கொஞ்சம் லேட்டாப் பேசுவா, அவ்வளவுதான்'னு சொன்னது யாரு? நீங்கதான?"

"நான்தான் சார்."

அவள் கை தோளில் இருந்த கைப்பையைத் தொட்டது.

அப்போது நாலாம் வகுப்பு ஜன்னலிலிருந்து ஹமீதா பானு டீச்சரின் குரல் வந்தது. வருகைப் பதிவு ஆரம்பித்துவிட்டது. நிறைமதி உடனே கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். ஒவ்வொரு பெயருக்கும் அவள் உதடு அசைந்தது.

"அபிநயா."

"உள்ளேன் டீச்சர்."

"ஆயிஷா."

"உள்ளேன் டீச்சர்."

கவிநிலா, தர்ஷினி, நர்மதா. நிறைமதி மூச்சை இழுத்துக்கொண்டாள். அவளுடைய இடம் வந்துவிட்டது.

டீச்சர் ஒரு நொடி தயங்கியது மேகலாவுக்குக் கேட்டது.

"மர்யம்."

நிறைமதியின் வாய் திறந்தபடியே நின்றது.

வகுப்பில் சத்தம் இல்லை.

"மர்யம், உன்னத்தான் கூப்பிடுறேன்."

"டீச்சர், நிறைமதிய விட்டுட்டீங்க."

"அவ இன்னைக்கு லீவு. நீ சொல்லு."

"லீவு இல்ல டீச்சர். கேட்டுக்கிட்ட நிக்கிறா. எனக்கு இங்கருந்து தெரியுது."

நிறைமதி கத்தவில்லை. அழவில்லை. இடது கை மெதுவாக மேலே எழுந்து வாயை நோக்கிப் போனது. மேகலா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடாமலே மறுகையால் கைப்பையைத் திறந்தாள். கலையின் அரக்குச் சேலையும், சிவந்த கண்ணும், 'வந்தாதான் எனக்கும் தெம்பு' என்று சொன்ன வாயும் அவள் முன்னால் வந்து நின்றன. நின்றும் அவள் நிறுத்தவில்லை.

"இந்தாங்க சார்."

மருதையன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். முதல் பக்கம் முடிந்து திருப்பினார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்து தேதியைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா இது உங்க கையில இருக்கா?"

"வீட்டுல இருந்துச்சு சார்."

"ரெண்டு வருஷமா?" குரல் உயர்ந்தது. செண்பகவல்லி தன் வகுப்பு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன மனுஷங்கம்மா நீங்க? வணக்கம் சொல்ல மாட்டேங்குதுன்னு இந்தப் புள்ளைய ரெண்டு தடவை வெயில்ல நிக்க வச்சேன். கொடிக்கம்பத்துக்கிட்ட. அசையாம நின்னுச்சு. திமிரப் பாருன்னு எல்லாப் புள்ளைங்க முன்னாடியும் திட்டினேன். எனக்கு யாராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"எங்க மேல தப்பு சார்."

"ஒங்க மேலன்னு நான் தப்பிச்சுக்க முடியுமா? பேப்பர் இல்லன்னா புள்ளைய வெயில்ல வைக்கலாமா?" காகிதத்தை மறுபடி பார்த்தார். விரலை ஓர் இடத்தில் வைத்தார். "இது ரெண்டு வருஷத்துக்குத்தான்மா செல்லும். போன மாசத்தோட முடிஞ்சு போச்சு. மறுபடி தஞ்சாவூர் போயி புள்ளைய உக்கார வச்சு, புதுசா வாங்கணும். பெட்டிக்குள்ள வச்சே அதோட காலத்த முடிச்சுட்டீங்க."

ஒரு பெண்ணின் கல்யாணத்தைப் பணயம் வைத்துக் கொடுத்த காகிதம். அதுவும் செல்லாது.

"அப்ப கூட்டிட்டுப் போயிரவா சார்?"

மருதையன் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டைத் திறந்தார். "பேப்பரை அப்பறம் பாப்போம். உள்ள வாங்க."

வகுப்பு வாசலில் நின்று அவர் பிள்ளைகளிடம் சொன்னார். "ஐயா வரும்போது இன்னைக்கு யாரும் கத்தக் கூடாது."

"அப்ப வணக்கம் எப்புடி சார் சொல்றது?" என்றான் ஒருவன்.

ஹமீதா பானு டீச்சர் தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "மழை பெய்யலாம் சார்."

"என்ன மழை?"

டீச்சர் ஒரு விரலால் உள்ளங்கையில் தட்டிக் காட்டினாள். வகுப்பு முழுவதும் தட்டியது. பிறகு இரண்டு விரல். மூன்று விரல். ஓட்டுக்கூரையில் தூறல் விழுகிற சத்தம். நிறைமதி அம்மாவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு, அவளும் தட்டினாள்.

"ஜூன் மாசத்துலேருந்து இதுதான் சார் எங்க கைதட்டல். வேற சத்தம் அவளுக்கு ஆகாது."

"ஒங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. பேப்பர்ல என்ன போட்டிருக்குன்னு எனக்குத் தெரியாது. பக்கத்துல உக்காந்து பாத்தேன். தெரிஞ்சுது." பிறகு மேகலாவிடம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "சார் சொன்னார்னு பேரை விட்டுட்டேம்மா. அவ வெளிய நின்னு கேக்குறான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எனக்கு நாக்கு வந்திருக்காது."

மர்யம் நகர்ந்து இடம் விட்டாள். நிறைமதி உட்கார்ந்தாள். பையைக் கழற்றவில்லை. வருகைப் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அதை மூடிவிட்டிருந்தாள்.

மேகலா வெளியே வந்தபோது செண்பகவல்லி வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். கையில் போன். மேகலாவைப் பார்த்ததும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

ஸ்கூட்டியைக் கிளப்பும்போது அதிகாரியின் ஜீப் எதிரே வந்து உள்ளே திரும்பியது. மேகலா வண்டியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். வணக்கக் கூச்சல் எழவில்லை. ஆனி மாத வெயிலில் மழை கேட்டது. அதற்கு மேல் நிற்க அவளுக்கு நேரம் இல்லை.

*

பதினொன்றே முக்கால் கழிந்தது. நல்ல நேரம் முடிந்தது. வாசலில் கார் எதுவும் வந்து நிற்கவில்லை.

கூடத்தில் விரித்த ஜமக்காளம் அப்படியே கிடந்தது. நடராசன் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். மணி போகிறது, எடுக்கவில்லை. உள்ளே கலைமகள் அரக்குச் சேலையில், பூ வைக்காத தலையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மேகலா அறைக்குள் போய்க் கதவோரம் நின்றாள்.

"அண்ணி, பாப்பா உள்ள போனாளா?"

"போனா."

"மர்யம் பக்கத்துலயா?"

"ஆமா. கலை, நான் ஒன்னு சொல்லணும்."

"அப்பறம் சொல்லுங்க. அவ அழுதாளா?"

"அழல." மேகலா தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "சான்றிதழை ஸ்கூல்ல காட்டிட்டேன் கலை. செண்பகவல்லி டீச்சர் பாத்துட்டாங்க. போன் பண்ணிட்டாங்கபோல. உன் வாழ்க்கையில நான்தான் மண்ணைப் போட்டுட்டேன்."

கலைமகள் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அவளுடைய வளையல்களை ஒவ்வொன்றாக நகர்த்தினாள்.

"நீங்க இல்ல அண்ணி. நான் நேத்தே சொல்லிட்டேன்."

"என்ன சொன்ன?"

"அவர்கிட்ட. போன்ல. எங்க அண்ணன் பொண்ணுக்கு இப்படி இருக்கு, எங்க வீட்டுல மறைச்சு வச்சிருக்காங்க, எனக்கு மறைச்சுக்கிட்டு வர இஷ்டமில்லன்னு சொன்னேன். ஒன்னுமே பேசல அண்ணி. 'சரி'ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சிட்டார். அதுக்கப்பறம் போன் எடுக்கல."

"தெரிஞ்சுமா காலையில எந்திரிச்சுத் தலைக்குக் குளிச்சே? கேசரி கிண்டுனே?"

"சரின்னு சொன்னாரே," என்றாள் கலைமகள்.

நடராசன் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன்டி சொன்ன? ரெண்டு வருஷமா நான் எதுக்குக் காபந்து பண்ணேன்? ஒனக்காகத்தான?"

"எனக்காகத்தாம்பா. அதான் தாங்கல." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "நாளைக்கு எனக்கும் ஒரு புள்ள பொறக்கும். அது இவள மாதிரியே பொறந்தா, அத எந்தப் பெட்டியில வைப்பீங்க?"

நடராசன் சுவரைப் பிடித்துக்கொண்டார். மேகலா எழுந்து அந்தக் காகிதத்தை அவரிடம் நீட்டினாள். எதிர்த்துப் பேசத்தான் நினைத்தாள். அவர் சுவரோடு நிற்பதைப் பார்த்ததும் சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னாள்.

"போன மாசத்தோட இது செல்லாதாம் மாமா. மறுபடி முதல்லேருந்து வாங்கணும்."

அவர் அதை வாங்கி, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் பிடித்து, கிட்டே கொண்டுவந்து, மறுபடி தூரத்தில் பிடித்தார்.

"முடிஞ்சே போச்சா?"

"முடிஞ்சு போச்சு."

கேசரியை யாரும் தொடவில்லை. மத்தியானம் முழுவதும் அது அடுப்படியில் மூடியே இருந்தது.

*

நாலு மணிக்கு, யாரும் சொல்லாமலே நடராசன் சட்டையைப் போட்டுக்கொண்டு தன் மொபெட்டில் போய்ப் பேத்தியைக் கூட்டிவந்தார். வழி நெடுகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

"ஆபீசர் மழைய ரெண்டு தடவ பெய்யச் சொன்னாராம். அந்த வாத்தியாரு சொன்னாரு," என்றார் மேகலாவிடம், குனிந்து செருப்பைக் கழற்றியபடி. "நாளைக்கு வீட்டுலேருந்து பெரியவங்க யாராச்சும் வரணுமாம். நானே வர்றேன்னுட்டேன்."

நிறைமதி கூடத்துக்கு வந்தாள். காலையில் விரித்த ஜமக்காளத்தின் நடுவில் உட்கார்ந்தாள். கலைமகள் இன்னும் சேலையை மாற்றவில்லை. வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டாள். மேகலா வெள்ளரிக்காய்த் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். வட்டங்கள் ஒரே தடிமனில் இல்லை. பிள்ளை அதைத் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"அபிநயா. உள்ளேன் டீச்சர். ஆயிஷா. உள்ளேன் டீச்சர்."

"என்ன சொல்லுது?" என்று கேட்டார் நடராசன். இத்தனை நாளும் காதில் விழுந்ததுதான். கேட்டதில்லை.

"பேர் கூப்பிடுறா மாமா. வகுப்புல தினமும் கூப்பிடுறது."

"கவிநிலா. உள்ளேன் டீச்சர். தர்ஷினி. உள்ளேன் டீச்சர். நர்மதா. உள்ளேன் டீச்சர்."

சின்ன நிறுத்தம்.

"மர்யம். டீச்சர், நிறைமதிய விட்டுட்டீங்க."

மேகலா திரும்பிப் பார்த்தாள்.

"அவ இன்னைக்கு லீவு. நீ சொல்லு. லீவு இல்ல டீச்சர். கேட்டுக்கிட்ட நிக்கிறா. எனக்கு இங்கருந்து தெரியுது." ஒரு சொல் பிசகவில்லை. டீச்சரின் தயக்கம்கூட அப்படியே இருந்தது. அவளுடைய சொந்தக் குரல் மட்டும் வர வேண்டிய இடத்தில் வரவில்லை.

"இல்லடா, அப்படி இல்ல," மேகலா மகளின் முன் மண்டியிட்டாள். "நர்மதாவுக்கு அப்பறம் நிறைமதி. உள்ளேன் டீச்சர். சொல்லு. அம்மாவுக்குச் சொல்லு."

"இல்ல," என்றாள் நிறைமதி. முதலிலிருந்து தொடங்கினாள். "அபிநயா. உள்ளேன் டீச்சர்."

"ஒரு தடவ கேட்டா மாத்த மாட்டா மாமா. இனிமே தினமும் இப்படித்தான் சொல்லுவா." மேகலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

நடராசன் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். ஜமக்காளத்தின் ஓரத்தில், முட்டி முறிகிற சத்தத்தோடு மெல்லக் கீழே உட்கார்ந்தார். பேத்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவளுக்குப் பிடிக்காது. தரையைப் பார்த்தபடி காத்திருந்தார்.

"தர்ஷினி. உள்ளேன் டீச்சர். நர்மதா. உள்ளேன் டீச்சர்."

நிறுத்தம் வந்தது.

"நிறைமதி," என்றார் நடராசன். கரகரத்த குரல். டீச்சரின் குரல்போல ஒரு துளியும் இல்லை.

பிள்ளை நின்றாள். மர்யமின் பெயர் அவள் உதட்டில் வந்து நின்றுவிட்டது. தலையைச் சாய்த்து, அந்தக் குரலை எங்கே வைப்பது என்று தெரியாததுபோல் ஜமக்காளத்தின் கோடுகளைப் பார்த்தாள்.

"நிறைமதி," என்றார் அவர் மறுபடி. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை.

அவள் வாய் திறந்தது.

அந்த நேரத்தில் கலைமகளின் மடியில் போன் அலறியது. திரையில் பிரபுவின் பெயர். காலையிலிருந்து அவள் காத்திருந்த பெயர். நடராசனின் தலை சட்டென்று நிமிர்ந்தது. 'எடு' என்று சொல்ல மேகலாவுக்கு வாய் வந்தது.

நிறைமதியின் இரண்டு கைகளும் காதை நோக்கி எழும்பின.

கலைமகள் அதைப் பார்த்தாள். போனையும் ஒருமுறை பார்த்தாள். பக்கவாட்டில் இருந்த பொத்தானை அழுத்தினாள். சத்தம் அடங்கியது. அதைத் திருப்பி, திரை கீழே இருக்கும்படி ஜமக்காளத்தில் வைத்தாள்.

விளிம்பில் வெளிச்சம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

"கூப்பிடுங்கப்பா," என்றாள் கலைமகள், மிக மெதுவாக. "இன்னொரு தடவ கூப்பிடுங்க."